ஈரவிறகு யார்?

சீட்டு வந்து விழுந்த வேகத்தில் மேசைமேல் இருந்த பென்சில் டப்பா கவிழ்ந்தது.

“இதுல கையெழுத்துப் போட்ட மகராசி நீங்கதானா?”

கேட்டவள் ஒரு தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. தோளோரத்தில் இரண்டு குண்டூசிகள் குத்தியபடியே இருந்தன. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. வருகிறவர்களின் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் குறிப்புதவி மேசைக்கு இந்தப் பக்கம் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் நூலகர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் பார்த்தாள். தன் கையெழுத்துதான். தன் முத்திரைதான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பதிப்பாளர் கேட்டனுப்பிய கேள்விக்கு அவள் எழுதிக் கொடுத்த விடைச் சீட்டு.

“ஆமாங்க. என்ன விஷயம்?”

“என்ன விஷயமா? எங்கம்மா எழுதின பதினாலு கதையைத் தூக்கி, செத்துப்போன ஒரு ஆளுக்குத் தாரை வாத்துட்டு, என்ன விஷயம்னு கேக்குறீங்க!”

கூடத்தில் தலைகள் நிமிர்ந்தன. அமைதி காக்கவும் என்ற பலகை தையல்காரியின் தலைக்கு நேர் மேலே தொங்கியது. அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் சத்தமாகப் பேசினாள்.

விஷயம் இதுதான். நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு மாதப் பத்திரிகையில் ‘ஈரவிறகு’ என்ற பெயரில் பதினாலு கதைகள் வந்தன. கதைகள் தபாலில்தான் வரும், எழுதியது யார் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. இப்போது ஒரு பதிப்பாளர் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறார். பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று நூலகத்தைக் கேட்டார். நூலகம், அதாவது இந்த மேசை, அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் பெயரையே எழுதிக் கொடுத்தது. ஆக, அட்டையில் பத்திராதிபரின் பெயர், பின்னட்டையில் மீசையோடு அவர் படம், உள்ளே அவருடைய மகன் உருகி உருகி எழுதிய முன்னுரை. வியாழக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. அன்று செவ்வாய்க்கிழமை.

“பேப்பர்ல விளம்பரத்தைப் பாத்துட்டு எங்கம்மா பேப்பரைக் குப்புறப் போட்டாங்க. ரெண்டு நாளா சரியா சாப்பிடல. பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டப்புறம்தான் வாயைத் தொறந்தாங்க. பெத்த பொண்ணு எனக்கே இத்தனை வருஷமா தெரியாது! பதிப்பகத்துக்குப் போனா அந்த ஆளு உங்க சீட்டை எடுத்து நீட்டுறாரு. ‘நூலகமே சொல்லியாச்சு, நீங்க யாரும்மா’ங்கறாரு.”

நூலகருக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுடைய வேலையைப் பற்றி இதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘ரெண்டாதாரம்’. எந்தக் கேள்விக்கும் நினைவிலிருந்து விடை சொல்ல மாட்டாள். புத்தகத்தைத் திறந்து, வரியைத் தொட்டுக் காட்டுவாள். ஒரு புத்தகம் சொன்னால் போதாது, இரண்டு சொல்ல வேண்டும். வீட்டில் புருஷன் மழை வரும்போலிருக்கிறதே என்றால்கூட, வேறு யார் சொன்னார்கள் என்று கேட்கிற பிறவி. அப்படிப்பட்டவளைப் பார்த்து, அதுவும் கூடம் நிறைய ஆள் இருக்கும்போது, நீ பொய் எழுதிக் கொடுத்தாய் என்றால்?

“கொஞ்சம் நில்லுங்க” என்றாள். எழுந்து நின்றாள். “நான் எதையும் கையில இருந்து போடுறதில்ல. வாங்க இந்தப் பக்கம். நீங்களே படிங்க.”

நாற்காலிக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் அவளுடைய இன்னொரு குடும்பம் இருந்தது. புனைபெயர் அகராதி, சிவப்பு அட்டை, கைக்கு அடக்கமானது. அதற்கு அவள் வைத்த பெயர் சித்தப்பா. எழுத்தாளர் வரலாற்றுத் தொகுப்பு, தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும், அது பெரியப்பா. பத்திரிகைக் கதைகளுக்கு வருஷவாரியாகப் போட்ட அட்டவணை ஒன்று, யாரும் ஏனென்று கேட்காமல் அடித்தட்டில் தூசி படிந்து கிடந்தது, அது அத்தை. யார் எந்தக் கதையை எழுதினார், எந்தப் பாட்டு எப்படித் தொடங்கும், எந்த நாவலில் யாருக்கு யார் மாமன் என்று வருகிறவர்கள் கேட்கும் சகலத்துக்கும் இந்த உறவுக்காரர்கள்தான் அவளுக்குத் துணை.

சித்தப்பாவையும் பெரியப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தாள். பென்சில் முனையால் இரண்டு வரிகளையும் தொட்டாள். “பாருங்க. அச்சுலயே இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகுது.”

தையல்காரி குனிந்தாள். விரலை வைத்து ஒருமுறை இதைப் படித்தாள், ஒருமுறை அதைப் படித்தாள். நாடாவின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

“ஒத்துப்போகலங்க” என்றாள். முதல் முறையாகக் குரல் இறங்கியிருந்தது. “ஒண்ணே ரெண்டு தடவை இருக்கு. ஒரு வார்த்தை மாறல. ஆளை நிக்க வச்சு அளவெடுத்துத் தச்ச சட்டை எது, இன்னொரு சட்டையைப் பாத்துத் தச்ச சட்டை எதுன்னு எனக்குத் தெரியும். முதல் சட்டையில கோணலா போன தையல் ரெண்டாவதுலயும் கோணலாவே போயிருக்கும். இதுல பாருங்க, ‘இப்பெயரில் இன்றும் எழுதி வருகிறார்’. ரெண்டுலயும் ‘இன்றும்’. எந்த இன்று?”

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். சித்தப்பா வெளிவந்தபோது பத்திராதிபர் உயிரோடு இருந்தார். சரி. பெரியப்பா அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்தவர். அவரிடமே பத்திராதிபரைப் பற்றித் தனியாக ஒரு பத்தி உண்டு. நாலு பக்கம் தள்ளிப் புரட்டினாள். பிறந்த வருஷம், இறந்த வருஷம். பெரியப்பா அச்சாவதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்பே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்து ஒன்பது வருஷம் ஆனவர் இன்றும் எழுதி வருகிறாராம்!

ஈயடிச்சான் காப்பி. சுத்தமான ஈயடிச்சான் காப்பி. இதைத்தான் இரண்டாவது ஆதாரம் என்று இத்தனை வருஷம் தூக்கிப் பிடித்திருக்கிறாள். இடுப்புப் பிடித்துக்கொண்டது மட்டும்தான் மிச்சம்.

காது இரண்டும் சூடேறிவிட்டது அவளுக்கு. சித்தப்பாவின் முன்னுரைக்குப் போனாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அந்த முன்னுரையைப் படித்ததே இல்லை. அகராதிக்கு எவன் முன்னுரை படிப்பான்? தகவல் படிவங்களைத் தாங்களே நிரப்பி அனுப்பி உதவிய எழுத்தாளர்களுக்குத் தொகுப்பாசிரியர் நன்றி சொல்லியிருந்தார். ஐந்தாவது பெயர் பத்திராதிபருடையது.

“அவரே எழுதிக் குடுத்திருக்காரு” என்றாள் நூலகர். “உங்கம்மா தபால்ல அனுப்பின கதைக்கு, நான்தான் அதுன்னு அவரே படிவத்துல எழுதிக் குடுத்திருக்காரு. கூசாம.”

“பாவி” என்றாள் தையல்காரி.

“படுபாவி” என்றாள் நூலகர். அமைதி காக்கவும் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு, கூடம் கேட்கச் சொன்னாள்.

அதன் பிறகு அவள் செய்த காரியம், அவள் முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஒரே சாதிப் புத்தகங்கள் இரண்டை ஒப்பிட்டால் அண்ணனும் தம்பியும் சேர்ந்துகொண்டு பேசுவார்கள். வேறு வேலைக்காக வேறு ஆள் தொகுத்த புத்தகத்தை எதிரில் நிறுத்திக் கேட்க வேண்டும். தரையில் உட்கார்ந்து அடித்தட்டிலிருந்து அத்தையை இழுத்தாள். தூசி பறந்தது, இருவரும் தும்மினார்கள். அத்தைக்கு யார் எவர் என்ற வம்பெல்லாம் தெரியாது. எந்தப் பத்திரிகையில், எந்த மாதம், எந்தப் பெயரில், என்ன கதை, அவ்வளவுதான். ஈரவிறகு என்ற பெயரின் கீழ் பதினாலு கதைகள் இல்லை, பதினாறு இருந்தன. கடைசி இரண்டும் வேறொரு காலாண்டிதழில் வந்தவை. பத்திராதிபர் இறந்து இரண்டு வருஷம் கழித்து ஒன்று, மூன்று வருஷம் கழித்து ஒன்று.

இருவரும் நிலவறைக்கு இறங்கினார்கள். வாசகர்களை அங்கே விடக் கூடாது என்பது விதி. விதி கிடக்கிறது. காலாண்டிதழின் கட்டுத் தொகுதியை இறக்கி, குழல்விளக்கின் அடியில் பிரித்தார்கள். கதை இருந்தது, பெயர் இருந்தது. தையல்காரி கதையைப் படிக்கத் தொடங்கிவிட்டாள். நூலகர் அவளைப் படிக்க விட்டுவிட்டு, வழக்கம்போலக் கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். அட்டவணை போடுகிறவர்கள் கதையோடு நின்றுவிடுவார்கள். விளம்பரம், வாசகர் கடிதம், அறிவிப்பு எதையும் சீந்த மாட்டார்கள். அந்த வருஷத்தின் கடைசி இதழில், தைலம் விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் ‘இவ்வாண்டு எழுதியோர் முகவரிகள்’ என்று ஒரு பட்டியல் இருந்தது.

“ஈரவிறகு” என்று படித்தாள். “கடிகாரக் கடை மாடி, பழைய தபால் நிலையத் தெரு.”

தையல்காரி கதையிலிருந்து தலை நிமிர்ந்தாள். நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

“நான் பொறந்த வீடு” என்றாள். “கீழ இருந்த கடியாரமெல்லாம் ஒரே நேரத்துல அடிக்கும். எங்கப்பா வேலைக்குப் போனப்புறம் எங்கம்மா அடுப்படியில எதையோ எழுதிட்டே இருப்பாங்க. வீட்டுக் கணக்குன்னு நினைச்சேன். நாங்க இருந்த இருப்புக்கு அவ்வளவு என்ன கணக்குன்னு ஒரு நாள்கூட யோசிக்கல பாருங்க.” பிறகு ஆத்திரத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?” என்று அங்கே இல்லாத அம்மாவைத் திட்டினாள்.

புதன்கிழமை காலை நூலகர் தலைமை நூலகரின் அறைக்குப் போனாள். அவருக்கும் பட்டப்பெயர் உண்டு, ‘பாத்துக்கலாம்’. கூரை ஒழுகினாலும் பாத்துக்கலாம், கறையான் வந்தாலும் பாத்துக்கலாம். விடையைத் திரும்பப் பெறுகிறோம் என்ற கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். பக்கங்களின் நகல்களை வரிசையாக மேசைமேல் பரப்பிவிட்டு அவள் நின்றாள்.

அவர் எல்லாவற்றையும் படித்தார். படித்ததை மறுக்கவும் இல்லை. அதுதான் அவளுக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

“நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கு. ஆனா யோசிங்க. நூலகம் தப்பு பண்ணிடுச்சுன்னு நாமளே எழுதிக் குடுக்குறதா? நாளைக்கு ஒவ்வொருத்தரும் வந்து எங்க தாத்தா எழுதினதுன்னு நிப்பாங்க. புத்தகம் வரட்டும். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்.”

“அந்தம்மாவுக்கு எழுபத்தொம்பது வயசு சார். எந்த அடுத்த பதிப்பு?”

“உணர்ச்சிவசப்படாதீங்க.”

“படுறேன் சார். படத்தான் செய்வேன். தப்பான சீட்டுக்கு உங்ககிட்ட கையெழுத்துக் கேக்கல, நானே போட்டேன். சரியான சீட்டுக்கு மட்டும் உங்க கையெழுத்து வேணுமா?”

கேட்ட பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. உண்மையில் வேண்டியதில்லை. சீட்டுப் புத்தகம் அவள் இழுப்பறையில் இருந்தது, முத்திரையும் அங்கேதான் இருந்தது. அவர் பின்னாலிருந்து கூப்பிடக் கூப்பிட வெளியே வந்து, நின்றவாக்கிலேயே எழுதினாள். கேள்வி: ஈரவிறகு யார்? விடை: பழைய தபால் நிலையத் தெரு, கடிகாரக் கடை மாடியில் குடியிருந்த அம்மையார். முந்தைய விடை தவறு. தவறு என்னுடையது. முத்திரையை அவள் குத்திய குத்தில் அடியில் இருந்த மூன்று சீட்டுகளிலும் தடம் விழுந்தது.

அன்று மதியமே இருவரும் பதிப்பகத்துக்குப் போனார்கள். பதிப்பாளர் முதலில் மழுப்பினார். அட்டை அச்சாகி வந்துவிட்டது என்றார். பத்திராதிபரின் மகன் பெரிய இடம் என்றார். பத்திராதிபர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், இந்த அம்மாள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். நூலகர் முகவரிப் பட்டியலின் நகலை நீட்டினாள். தையல்காரி தன் பள்ளிக்கூடச் சான்றிதழை நீட்டினாள். அதிலும் அதே கடிகாரக் கடை மாடிதான். அவர் இரண்டையும் பார்த்தார், தையல்காரி திரும்பக் கொண்டுவந்த பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பார்த்தார். சீட்டை நம்பித்தான் அச்சிட்டேன் என்று நாளைக்குச் சொல்லித் தப்பிக்க இனி வழியில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பேசும்போது நூலகரைப் பார்த்து முறைத்தார். முறைக்கட்டும் என்று அவளும் முறைத்தாள்.

அப்போதும் அவளுடைய கோபம் தணியவில்லை. பத்திராதிபர்மேல் கோபம், படிவத்தை அப்படியே அச்சில் ஏற்றியவன்மேல் கோபம், அதைப் பார்த்து எழுதிய பெரியப்பாமேல் கோபம். ஒரு விடையைத் திரும்பப் பெற்றால் அந்த விடையை வாங்கிப் போன எல்லாருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அவளே போட்ட விதி. ஆகவே வெள்ளிக்கிழமை முழுக்கப் பழைய கேள்விப் பதிவேடுகளைப் புரட்டினாள். தேதி, கேட்டவர், கேள்வி, விடை, ஆதாரம், கடைசியாக ‘திருப்தியா?’ என்று ஒரு சிறிய கட்டம். ஈரவிறகு யார் என்று நாலு பேர் கேட்டிருந்தார்கள். பதிப்பாளர் ஒருவர். ஒரு ஆராய்ச்சி மாணவர். ஒரு வானொலி நிலையம். பதினோரு வருஷத்துக்கு முன், மழைக்கால மாதம் ஒன்றில், இன்னொருவர். கேட்டவர் என்ற இடத்தில் ‘ஒரு பெண்மணி, வயது அறுபதுக்கு மேல், நேரில்’ என்று அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. ஆதாரம் இரண்டு. திருப்தியா என்ற கட்டத்தில் அழகாக ஒரு சரி அடையாளம்.

பதிவேட்டை மூடினாள். ஆராய்ச்சிக்கார அம்மாள் யாராவது இருக்கும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தாள். அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷன் கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள்.

திங்கட்கிழமை அந்த அம்மாள் வந்தார். மகளின் கையைப் பிடிக்காமல், அவளுக்கு இரண்டு அடி முன்னால் நடந்து வந்தார். ஒல்லியான உடம்பு. மேசைக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புப் புத்தகத்தை ஒரு பார்வை பார்த்தார். அது எந்தத் தட்டில் இருக்கும் என்று தெரிந்தவர் பார்க்கிற பார்வை.

நூலகருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “அம்மா, நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?”

“வந்திருக்கேன். பதினோரு வருஷம் இருக்கும். நல்ல மழை.”

தையல்காரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இது அவளுக்கும் புதுச் செய்தி.

“அவர் போனப்புறம் வந்தேன்” என்றார் அந்த அம்மாள். அவர் என்றது தன் கணவரை. “இனிமே யாருக்கும் பயப்பட வேண்டியதில்ல, என் பேரு எங்கேயாவது இருக்கான்னு பாத்துட்டு வருவோம்னு ஆசை. உன்கிட்டதான் கேட்டேன். நீ புத்தகத்தை எடுத்துப் படிச்சுக் காட்டின.”

“நீங்க அப்பவே ஒரு வார்த்தை…”

“சொன்னேனே.” குரல் உயரவே இல்லை. “அது அவரு இல்லம்மா, தப்பா இருக்குன்னு சொன்னேன். நீ அந்தப் பெரிய புத்தகத்தையும் தூக்கிட்டு வந்து போட்ட. பென்சிலால ரெண்டு வரியையும் தொட்டுக் காட்டின. ‘பாருங்கம்மா, அச்சுலயே இருக்கு, ரெண்டும் ஒத்துப்போகுது’ன்ன. சிரிச்ச முகமாத்தான் சொன்ன. நான் என்ன செய்யிறது? நன்றி சொல்லிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு வரிகூட எழுதத் தோணல.”

நூலகருக்கு அந்த மழையும் நினைவில்லை, அந்த முகமும் நினைவில்லை. எத்தனையோ பேருக்குச் சொன்ன வாக்கியம். இத்தனை நாள் யார் யார்மேலோ பாய்ந்த கோபமெல்லாம் இப்போது போக்கிடம் இல்லாமல் அவள்மேலேயே திரும்பியது. மன்னிச்சிருங்கம்மா என்றாள். சொன்னது தனக்கே போதவில்லை. சிவப்புப் புத்தகத்தை எடுத்து விரித்து, சிவப்பு மைப் பேனாவை மூடி கழற்றி அந்த அம்மாளிடம் நீட்டினாள். புத்தகத்தில் பென்சில் கோடு போட்டவர்களையெல்லாம் வாசல்வரை துரத்தித் திட்டியவள் அவள்.

“நீங்களே அடிங்கம்மா.”

அந்த அம்மாள் பேனாவை வாங்கவில்லை. “நான் ஏன் அடிக்கணும்? படிச்சுக் காட்டினது நீ. நீயே அடி.”

நூலகர் அடித்தாள். பத்திராதிபரின் பெயர்மேல் ஒரு கோடு, தாள் கிழியும்படி. ஓரத்தில் எழுதுவதற்குப் பெயரைக் கேட்டாள். அந்த அம்மாள் தன் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அவள் எழுதி முடிக்கும்வரை ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதிவேட்டை எடுத்து, அன்றைய தேதியில் புது வரி ஒன்று எழுதினாள். கேள்வி: ஈரவிறகு யார்? விடை எழுதினாள். ஆதாரம்: ஒன்று, காலாண்டிதழின் கடைசிப் பக்கம். இரண்டு, அவரே, நேரில். பேனா வழக்கம்போலக் கடைசிக் கட்டத்துக்கு நகர்ந்தது.

அந்த அம்மாள் எட்டிக் கையை வைத்து அந்தக் கட்டத்தை மறைத்தார்.

“இதுல ஒண்ணும் போடாத” என்றார்.